ஹாட் ராட் மாதிரிக் கார் கிட்

பழைய காரின் கூரையைத் தாழ்த்தி, மட்கார்டைக் கழற்றி, வலுவான வேறு இஞ்சினை ஏற்றி, வேகத்துக்கும் பகட்டுக்குமாக மாற்றிக் கட்டிய அமெரிக்கக் கார் வகைக்கு ஹாட் ராட் என்று பெயர். அதைப் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கில் சிறிய அளவில் வார்த்து, துண்டு துண்டாகப் பெட்டியில் அடைத்து விற்பதே ஹாட் ராட் மாதிரிக் கார் கிட். ஒட்டுவதும் வண்ணம் அடிப்பதும் வாங்குபவர் வேலை. பெரும்பாலான கிட்கள் அசலில் 24இல் ஒரு பங்கு அல்லது 25இல் ஒரு பங்கு அளவுள்ளவை. இவற்றைப் பொம்மை என்று சொன்னால் கட்டுபவர்களில் பலருக்குக் கோபம் வரும். ஆனால் உலகச் சுங்க அட்டவணை, அளவு குறைத்த மாதிரிகளைப் பொம்மைகளோடு சேர்த்து 9503ஆம் தலைப்பில்தான் வைத்திருக்கிறது.

அசல் வண்டிகள்

ஹாட் ராடுகள் 1920களிலும் 30களிலும் கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் நடந்த வேகப் பந்தயங்களில் உருவாயின. பந்தயக்காரர்களின் கூட்டமைப்பான தெற்குக் கலிஃபோர்னியா டைமிங் சங்கம் 1937இல் தொடங்கியது. மலிவாகக் கிடைத்த ஃபோர்டு மாடல் டி (1908–1927), மாடல் ஏ (1927–1931), 1932ஆம் ஆண்டு ஃபோர்டு ஆகிய மூன்றும்தான் இதற்கு மூலப்பொருள். 1932 வண்டியில் 65 குதிரைத்திறன் கொண்ட வி8 இஞ்சின் வந்தது. சாதாரண ஆள் வாங்கக்கூடிய விலையில் எட்டு சிலிண்டர் கிடைத்ததால் அந்த வண்டிக்குத் தனி மவுசு உண்டாயிற்று. 1948 ஜனவரியில் ராபர்ட் பீட்டர்சன் தொடங்கிய ‘ஹாட் ராட்’ இதழ் இந்தப் பழக்கத்தை நாடெங்கும் கொண்டுபோனது.

ஃபோர்டு 1926இல் இந்தியாவில் ஒரு துணை நிறுவனம் தொடங்கி, மதராஸ், பம்பாய், கல்கத்தா நகரங்களில் வண்டிகளைப் பூட்டி விற்றது. 1950களின் நடுவில் இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் அது மூடப்பட்டது. கலிஃபோர்னியாவில் பையன்கள் வெட்டி ஒட்டிய அதே குடும்பத்து வண்டிகள் மதராஸ் மாகாணத்தில் கனவான்களையும் டாக்டர்களையும் சுமந்து கௌரவமாக ஓடின.

தொடக்ககாலக் கிட்கள்

லூயிஸ் கிளேசரின் ரெவெல் நிறுவனம் 1950களின் தொடக்கத்தில் பழங்காலக் கார்களை 1/32 அளவில் வரிசையாக வெளியிட்டது. சிகாகோவில் 1945இல் தொடங்கி, பால்சா மரக் கிட்கள் செய்துவந்த மோனோகிராம் நிறுவனமும் 1950களின் நடுவில் பிளாஸ்டிக்குக்கு மாறியது. முதல் பிளாஸ்டிக் ஹாட் ராட் கிட் எது என்பதில் சேகரிப்பாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. மோனோகிராமின் சிறு ஹாட் ராட் ஒன்றைப் பலரும் சொல்கிறார்கள். பழங்காலக் கார் கிட்டை வாங்கி மட்கார்டை ஒட்டாமல் விட்ட ஏதோ ஒரு பையன்தான் முதல்வன் என்று சொல்வோரும் உண்டு.

1958 முதல் 1970 வரை

டெட்ராய்ட்டில் 1948இல் தொடங்கிய ஏ.எம்.டி. நிறுவனத்தின் முதல் வேலை கார் விற்பனையாளர்களுக்கு மாதிரி செய்து தருவது. புதிய கார் வாங்க வருபவர் மேசைமேல் பார்ப்பதற்கும், கூட வந்த பிள்ளையின் கையில் கொடுப்பதற்குமான சிறு கார்கள் அவை. கார் நிறுவனங்களின் வரைபடங்களையே வைத்துச் செய்ததால் அளவில் பிசகு குறைவு. 1/25 என்ற வழக்கத்துக்கு மாறான அளவு நிலைத்ததற்கும் அந்த வரைபடங்களின் பத்தில் ஒரு பங்கு அளவே காரணம் என்பர். இதை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள்.

1958இல் ஏ.எம்.டி. இதே அச்சுகளிலிருந்து பிரித்து அடைத்த கிட்களை விற்கத் தொடங்கியது. விலை ஏறத்தாழ ஒன்றரை டாலர். பெட்டியின் மேல் ‘ஒன்றில் மூன்று’ என்று அச்சிட்டிருந்தது. ஒரே பாடியைக் கம்பெனியிலிருந்து வந்தபடியோ, அலங்கார வண்டியாகவோ, பந்தய வண்டியாகவோ கட்டலாம். மூன்றுக்கும் வேண்டிய சக்கரம், பம்பர், கிரில் எல்லாம் உள்ளேயே இருக்கும். இது சிறிய மாற்றம்போலத் தெரியலாம். ஆனால் அதுவரை விமானக் கிட்டோ கப்பல் கிட்டோ வாங்கியவன் அசலில் இருப்பதை அப்படியே செய்ய வேண்டும், தவறினால் பிழை. இங்கே தவறு என்ற பேச்சுக்கே இடமில்லை. மூன்று வண்டிகளில் எது வேண்டுமென்று பையனே முடிவு செய்தான். ஒன்றைக் கட்டி முடித்த பிறகு மிஞ்சும் உதிரிகளை ஒரு டப்பாவில் போட்டு வைத்தான். அடுத்த வண்டி பாதி அந்த டப்பாவிலிருந்தே பிறந்தது. அசல் ஹாட் ராட் கட்டியவர்கள் பழைய இரும்புக் கடையில் செய்ததும் இதைத்தான்.

பழைய வண்டிகளுக்கென ஏ.எம்.டி. தொடங்கிய தனி வரிசையின் முதல் கிட் 1932 ஃபோர்டு ரோட்ஸ்டர். அசலில் கண்காட்சிகளைக் கலக்கிய வண்டிகளும் பெட்டிக்குள் வந்தன. ஜார்ஜ் பாரிஸ் கட்டிய ‘ஆலா கார்ட்’, 1929 மாடல் ஏ பிக்கப்பிலிருந்து உருவானது. ஓக்லாந்து கண்காட்சியில் அமெரிக்காவின் மிக அழகான ரோட்ஸ்டர் என்ற பட்டத்தை 1958, 1959 இரண்டு ஆண்டுகளும் வென்றது. 1961இல் அது ஏ.எம்.டி. கிட்டாயிற்று.

ரெவெல் நிறுவனம் எட் ராத்தைப் பிடித்தது. தாடியும் உயரத் தொப்பியுமாகத் திரிந்த ராத், காரை வெட்டித் திருத்துவதோடு நிற்காமல், பிளாஸ்டர் உருவத்தின் மேல் ஃபைபர்கிளாஸ் பூசிப் பாடியையே புதிதாகச் செய்தவர். ‘பிக் டாடி’ என்ற பட்டப்பெயரை அவருக்குச் சூட்டியது ரெவெலின் விளம்பரக்காரர் ஹென்றி பிளாங்க்ஃபோர்ட். ராத்தின் ‘அவுட்லா’ 1962இலும் ‘பீட்னிக் பேண்டிட்’ 1963இலும் கிட்டாக வந்தன. பேண்டிட்டுக்குக் கூரைக்குப் பதில் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குமிழ். ஸ்டீயரிங் சக்கரத்துக்குப் பதில் நடுவில் ஒரே ஒரு கைப்பிடி. ராத் படைத்த ‘ரேட் ஃபிங்க்’ என்ற அவலட்சணமான எலியும் அதே 1963இல் கிட்டாக வந்தது. விற்ற ஒவ்வொரு பெட்டிக்கும் ராத்துக்குக் கிடைத்தது ஒன்றிரண்டு சென்ட்தான் என்று சொல்வதுண்டு. பெட்டிகள் லட்சக்கணக்கில் போனதால் அதுவே நல்ல வருமானமாயிற்று.

இவற்றில் ‘மிஸ்டீரியன்’ (கிட் 1964) தனியே சொல்லத்தக்கது. இரண்டு ஃபோர்டு இஞ்சின்களைப் பக்கம் பக்கமாக வைத்து, முகப்பு விளக்கை ஒரு பக்கம் மட்டும் பெரிதாக நீட்டிய விசித்திர வண்டி. பாரம் தாங்காமல் சட்டம் விரிசல் விட்டது என்றும், கண்காட்சிக்குக் கொண்டுபோகும் வழியில் சேதமானது என்றும், பிரித்து விற்கப்பட்டது என்றும் பல கதைகள். அசல் இன்று இல்லை. பல ஆண்டுகள் கழித்து அதை முழு அளவில் மறுபடி கட்டியவர்கள், பழைய புகைப்படங்களோடு ரெவெல் கிட்டையும் அளவுக்கு வைத்துக்கொண்டார்கள் என்று கூறப்படுகிறது.

மோனோகிராம் 1962இல் ‘பிக் டி’ என்ற 1/8 அளவுப் பெரிய கிட்டை வெளியிட்டது. பின்னர் அந்நிறுவனத்துக்கு டாம் டேனியல் வரைந்த வண்டிகளில் ‘ரெட் பேரன்’ (1968) பெரும் புகழ் பெற்றது. கூரை முதல் உலகப் போர் ஜெர்மானியச் சிப்பாயின் கூர்முனைத் தலைக்கவசம். இஞ்சின் ஒரு போர் விமானத்தினுடையது. அப்படியொரு கார் அப்போது எங்கும் இல்லை. கிட்டைப் பார்த்து மயங்கிய கண்காட்சி அமைப்பாளர் ஒருவர் முழு அளவுக் காராகச் செய்யச் சொல்ல, சக் மில்லர் அதைக் கட்டினார். விமான இஞ்சினுக்கு எங்கே போவது? பான்டியாக்கின் ஆறு சிலிண்டர் இஞ்சினை வைத்தார். 1970இல் மேட்டல் நிறுவனம் அதையே ‘ஹாட் வீல்ஸ்’ உலோகக் காராக வெளியிட்டது. சின்னது முதலில், பெரியது பிறகு என்ற இந்தத் தலைகீழ் வரிசை ஹாட் ராட் கிட்டின் வரலாற்றிலேயே மிகச் சுவையான பகுதி.

1963இல் தொடங்கிய எம்.பி.சி., டெட்ராய்ட்டின் ஜோ-ஹான் ஆகிய நிறுவனங்களும் இக்காலத்தில் இயங்கின.

ஒப்பீடும் கட்டுமானமும்

அனுபவசாலிகள் பெட்டியின் மேலுள்ள படத்தைப் பார்த்து வாங்குவதில்லை. அச்சு யாருடையது, எந்த ஆண்டுடையது என்று பார்க்கிறார்கள். ஏ.எம்.டி.யின் பழைய கிட்களில் பாடியின் வடிவம் பிரமாதமாக இருக்கும். அடிப்பகுதி எளியது, முன்சக்கர ஆக்சிலாக ஓர் இரும்புக் கம்பி இஞ்சினின் வயிற்றில் உள்ள துளை வழியே போகும். அதை மறைக்கப் பலர் படாத பாடு படுகிறார்கள். ரெவெலின் 1960களின் தொடக்கக் கிட்கள் இதற்கு நேர்மாறு. 1957 ஷெவர்லேயில் கதவு, பானெட், டிக்கி எல்லாமே திறக்கும். ஆனால் திறப்பதெல்லாம் சரியாக மூட வேண்டுமே! வேறு சில கிட்களில் பாடியே பல தகடுகளாக வந்தது. நான்கு மூலையையும் ஒன்றுசேர்ப்பதற்குள் பொறுமை போய்விடும். மோனோகிராம் இரண்டுக்கும் நடுவே, துண்டுகள் குறைவாக, பொருத்தம் நன்றாக இருக்கும். முதல் கிட் கட்டுபவருக்கு மோனோகிராமே ஏற்றது. பொருத்தம், விவரம் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 1990களில் ரெவெல் புதிதாக அச்சு வெட்டிய 1932 ஃபோர்டு வரிசையைத்தான் பெரும்பாலோர் முன்னால் வைக்கிறார்கள்.

அளவு வேறுபாடும் சிறிதல்ல. 1932 ஃபோர்டின் முன்பின் சக்கர இடைவெளி 106 அங்குலம். அது 1/24இல் 11.2 சென்டிமீட்டர், 1/25இல் 10.8. நாலரை மில்லிமீட்டர்தானே என்று ஒன்றின் பாடியை மற்றதன் சேஸில் உட்கார வைத்தால் சக்கரம் மட்கார்டுக்கு நடுவில் நிற்காது.

பாடியில் அச்சின் இணைப்புக் கோடுகள் மயிரிழைபோல மட்கார்டு விளிம்பிலும் கூரைத் தூணிலும் ஓடும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் கண்ணுக்குப் படும். அதைக் கத்திமுனையால் சுரண்டி, பள்ளம் இருந்தால் பட்டி வைத்து, உப்புத்தாளை 400, 600 என்று படிப்படியாக நனைத்துத் தேய்த்து, பிரைமர் அடிக்க வேண்டும். பெயின்ட் அடித்த பிறகு தெரியும் கோட்டுக்குப் பரிகாரம் இல்லை. சிவப்புப் பிளாஸ்டிக்கில் வார்த்த பாடிக்கு வெள்ளை அடித்தால் சில நாளில் இளஞ்சிவப்பாகிவிடும். நடுவே வெள்ளிப் பூச்சு ஒன்று வேண்டும்.

குரோம் பாகங்கள் வெற்றிடத்தில் அலுமினிய ஆவி படிய வைத்தவை. கிட்டுக்கான பசை பிளாஸ்டிக்கைக் கரைத்து இணைப்பது. அது குரோமின் மேல் பிடிக்காது. ஒட்டும் இடத்தில் மட்டும் குரோமைச் சுரண்டிவிட வேண்டும். கண்ணாடித் துண்டுகளுக்கு ஃபெவிக்விக் போன்ற பசைகள் ஆகா. வெண்புகை படிந்து மங்கிவிடும். இன்னொரு தொல்லை டயர். பழைய கிட்களின் வினைல் டயரிலிருந்து கசியும் ரசாயனம் தான் தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கை மெல்ல உருக்கும். ஐம்பது ஆண்டுகள் திறக்காத பெட்டி என்று பெரிய விலை கொடுத்து வாங்கியவர், உள்ளே சக்கரம் பாடிக்குள் புதைந்திருப்பதைக் காண்பதுண்டு.

பசையை முகர்ந்து போதை ஏற்றும் பழக்கம் 1960களில் அமெரிக்காவில் பெரிய புகாரானது. அதைத் தடுக்க டெஸ்டர்ஸ் நிறுவனம் 1969இல் தன் பசையில் கடுகு எண்ணெயின் காரச் சத்தைச் சேர்த்தது.

1970க்குப் பின்

1973 எண்ணெய் நெருக்கடியில் பிளாஸ்டிக் விலை ஏறியது; வாங்கும் பையன்களும் குறைந்தார்கள். ஏ.எம்.டி. 1978இல் லெஸ்னி நிறுவனத்திடமும் பிறகு எர்ட்ல் நிறுவனத்திடமும் போயிற்று. 1986இல் ரெவெலும் மோனோகிராமும் ஒன்றாயின.

இந்தியாவில்

நுகர்பொருள் இறக்குமதிக்கான அளவுக் கட்டுப்பாடுகள் முழுமையாக நீங்கியது 2001 ஏப்ரல் 1இல்தான். அதுவரை இந்தக் கிட்கள் வெளிநாட்டிலிருந்து வந்த உறவினரின் பெட்டியில் வந்தால் உண்டு. பின்பு வழி திறந்தாலும், பொம்மைகளுக்கான சுங்க வரி 2020இல் 60 சதவீதமும் 2023இல் 70 சதவீதமும் ஆனது.

சேலம்–நாமக்கல் வட்டாரத்துக்கு ஹாட் ராட் அந்நியம் என்றாலும் அதன் வேலைமுறை அந்நியமல்ல. தொழிற்சாலையிலிருந்து பல லாரிகள் இங்கே வெறும் சேஸாகவே வரும். முன்முகப்பும் இஞ்சினும் சக்கரமும் தவிர வேறெதுவும் இருக்காது. கேபின், பாடி, பெயின்ட், நெற்றியில் எழுதும் பெயர் எல்லாம் நாமக்கல் பட்டறைகளில் சேரும். திருச்செங்கோட்டில் அதே சேஸ்மேல் போர்வெல் ரிக் ஏறும். சேலத்துக்குக் கிழக்கே, ஆத்தூர் சாலையில் அயோத்தியாப்பட்டணம் வழியாகப் போகும் லாரிகளைக் கவனித்தால், ஒரே கம்பெனி சேஸ்மேல் ஒன்றுபோல் ஒன்றில்லாத முகங்களைக் காணலாம். ‘ஒன்றில் மூன்று’ பெட்டியின் தத்துவத்தை இப்பகுதி டிங்கர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பட்டி, உப்புத்தாள், பிரைமர் என்ற வரிசையும் அவர்களுடையதேதான்.

ஆனால் பதிவுக்கு முன் பாடி கட்டுவது வேறு, பதிவான வண்டியை மாற்றுவது வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட அடிப்படை அமைப்பை உரிமையாளர் மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. வண்ணம் மாற்றலாம், கூரையை அறுக்க முடியாது. ஆகவே தமிழ்நாட்டில் ஒருவர் தன் கையால் ஹாட் ராட் கட்டிச் சட்டத்துக்கு உட்பட்டு வைத்துக்கொள்ள 1/25 அளவே தோதானது.

அண்மைக் காலம்

ரெவெலின் தாய் நிறுவனமான ஹாபிகோ 2018இல் திவாலானது. ரெவெலை ஜெர்மனியின் முதலீட்டு நிறுவனம் ஒன்று வாங்கியது. பழைய அச்சுகளில் ஒரு பகுதி நியூயார்க் மாநிலத்தின் அட்லாண்டிஸ் நிறுவனத்துக்குப் போயிற்று. ஏ.எம்.டி., எம்.பி.சி. பெயர்களில் ரவுண்ட் 2 நிறுவனம் பழைய கிட்களை மறுபடி வெளியிடுகிறது. கிட்டில் இல்லாத இஞ்சினையும் சக்கரத்தையும் முப்பரிமாண அச்சில் எடுத்துப் பொருத்திக்கொள்வது இப்போது பரவிவருகிறது.