நைல் நதியும் ஓர் அறிஞரின் வாய்மையும்



அணை கட்டுதல், நோய்த் தடுப்பு போன்ற பெரும் காரியங்களில் அரசுகள் இன்று விஞ்ஞானிகளிடம் ஆலோசனை கேட்கின்றன. இவ்வழக்கம் புதியதன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் எகிப்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியை இங்கு நினைவுகூர விரும்புகிறோம்.

எகிப்து மக்களின் வாழ்வு நைல் நதியின் வெள்ளத்தைச் சார்ந்தே இருந்தது. வெள்ளம் குறைந்தால் பஞ்சம்; மிகுந்தால் அழிவு. கெய்ரோ அருகே ரவ்ளா தீவில் ஹிஜ்ரி 247இல் (கி.பி. 861) கட்டப்பட்ட 'மிக்யாஸ்' என்னும் அளவுத் தூணில் நீர் 16 முழம் ஏறினால் விளைச்சல் நிறைவாக இருக்கும் என்று கணித்தனர். நிலவரியும் வெள்ளத்தின் அளவைப் பொறுத்தே அமைந்தது.

அக்காலத்தில் பஸராவில் வாழ்ந்தவர் கணித மேதை இப்னுல் ஹைதம். 'நாம் எகிப்தில் இருந்தால், பெருகும் காலத்திலும் வற்றும் காலத்திலும் நைல் பயன் தருமாறு செய்துவிடுவோம்' என்ற கருத்தில் அவர் பேசியதாகச் செய்தி பரவியது. ஃபாத்திமிய்ய ஆட்சியாளர் அல்ஹாகிம் (ஆட்சிக் காலம் கி.பி. 996–1021) அவரை வரவழைத்து, நகருக்கு வெளியே வந்து தாமே எதிர்கொண்டு வரவேற்றார். ஆட்களும் பொருளும் தந்து அனுப்பி வைத்தார். இவற்றை வரலாற்றாசிரியர் இப்னுல் கிஃப்தி பதிவு செய்துள்ளார்.

இப்னுல் ஹைதம் நதியோரமாகத் தெற்கே சென்றார். வழியெங்கும் பண்டைய எகிப்தியரின் கட்டடங்களையும் அவற்றின் துல்லியமான அளவுகளையும் கண்டார். இத்தகைய திறமை பெற்றிருந்தோர் இதனைச் செய்யாமல் விட்டதற்குக் காரணம் இருக்க வேண்டுமென்று அவர் உள்ளம் கூறியது. அஸ்வானுக்குத் தெற்கே ஜனாதில் என்னுமிடத்தில் ஆற்றை நேரில் ஆராய்ந்தபோது, தம் திட்டம் அங்கு நிறைவேறாது என்பதை உறுதியாக அறிந்தார்.

அவர் திரும்பி வந்து, தம் கணிப்பு தவறு என்று ஆட்சியாளரிடமே ஒப்புக்கொண்டார். அல்ஹாகிமோ கடும் தண்டனைகளுக்குப் பெயர் பெற்றவர். பொய் சொல்லி வேலையைத் தொடங்கியிருந்தால் சில ஆண்டுகள் சுகமாகக் கழிந்திருக்கும். ஆனால் மக்களின் பொருளும் உழைப்பும் ஆற்றோடு போயிருக்கும்.

அல்ஹாகிம் அவரை மன்னித்ததாகக் காட்டி, அரசுப் பதவி ஒன்றையும் அளித்தார். அச்சத்தால் அதனை ஏற்ற இப்னுல் ஹைதம், பின்னர் பித்துப் பிடித்தவர்போல் நடித்து வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தார். கி.பி. 1021இல் அல்ஹாகிமின் காலம் முடிந்த பின்னரே வெளிவந்து, அல்அஸ்ஹர் பள்ளிவாசலின் வாயிலருகே தங்கினார். நூல்களைப் பிரதியெடுத்து விற்று, ஆண்டுக்கு 150 தினாரில் வாழ்ந்தார். ஒளியியல் குறித்து அவர் எழுதிய 'கிதாபுல் மனாளிர்' பின்னர் லத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பியருக்குப் பாடநூலாயிற்று.

அதே அஸ்வானில் 1902இல் ஓர் அணையும், 1970இல் 111 மீட்டர் உயரமுள்ள பேரணையும் கட்டி முடிக்கப்பட்டன. ஆகவே அவருடைய எண்ணம் வீணானதன்று. அதற்குரிய சாதனங்கள் அவர் காலத்தில் இல்லை. அந்த வேறுபாட்டை அறிந்து சொல்வதே ஆலோசகரின் கடமையாகும்.

ஆலோசனை ஓர் அமானிதம். அறியாததை 'அறியேன்' என்று சொல்ல இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தயங்கியதில்லை. மிம்பரில் நிற்கும் எங்களுக்கும் அதுவே பாடம். அதே வேளையில், உண்மை சொன்ன அறிஞர் பைத்தியமாக நடிக்க வேண்டி வந்தது அந்த ஆட்சிக்கு நேர்ந்த இழுக்கு அல்லவா? நாட்டை ஆள்வோராயினும் ஜமாஅத்தை நடத்துவோராயினும், 'இது முடியாது' என்று ஒருவர் அச்சமின்றிச் சொல்ல இடம் தருதல் வேண்டும். நம் பிள்ளைகள் பொறியாளராகவும் மருத்துவராகவும் அதிகாரியாகவும் உயர்ந்து வரும் இக்காலத்தில், பட்டத்துடன் இந்த வாய்மையையும் அவர்களுக்குக் கற்பிப்போமாக!

வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் அதற்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.