கொல்லயில் வட்டாரத்தில் சாதி ஏற்றத்தாழ்வும் நீதிக்கான போராட்டமும்

கொல்லயில், கேரளத்தின் நெய்யாற்றின்கரை தாலுகாவில் பாறசாலைக்கு அருகிலுள்ள ஊர். 1956 நவம்பர் 1-இல் பக்கத்து விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்குப் போக, இது கேரளத்திலேயே நின்றது. அதற்கு முன் இரண்டும் திருவிதாங்கூர் மண். சாதிக் கொடுமையும் இரண்டுக்கும் ஒன்றே.

1855-இல் திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. தோள்சீலை உடுத்தும் உரிமைக்காக நாடார் பெண்கள் பல பத்தாண்டுகள் அடியும் அவமானமும் பட்ட பிறகே, 1859 ஜூலையில் அரசு இறங்கிவந்தது. அப்போதும் மீனவப் பெண்களைப் போல உடுத்தலாம், மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்றே ஆணை சொன்னது. 1888 சிவராத்திரியன்று, நெய்யாற்றின் கரையிலுள்ள அருவிப்புறத்தில், ஈழவக் குடும்பத்தில் பிறந்த நாராயண குரு ஆற்றுக்கல்லைச் சிவலிங்கமாக நிறுவினார். அதற்கு அவர் எவரிடமும் அனுமதி கேட்கவில்லை.

கேரளத்தின் கல்வி வளர்ச்சியைப் பேசுவோர் பலர், கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று ராணி கௌரி பார்வதி பாயி 1817-இல் இட்ட ஆணையிலிருந்து தொடங்குவர். புலையர் பிள்ளைகளுக்கோ அதற்குப் பிறகும் ஏறத்தாழ நூறாண்டுக் காலம் பள்ளிக் கதவு திறக்கவில்லை. அதைத் திறக்க வைத்தவர், இதே தாலுகாவின் வெங்ஙானூரில் 1863-இல் புலையர் குடும்பத்தில் பிறந்த அய்யன்காளி. தம் மக்கள் நடக்கக்கூடாத பொதுவழியில் 1893-இல் வில்வண்டி ஓட்டிச் சென்றவர். 1907-இல் சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கியவர். எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் வயலில் இறங்கமாட்டோம் என்று புலையர்கள் வேலையை நிறுத்தினர். அன்றாடக் கூலியை விட்டால் அடுப்பெரியாத மக்கள், பட்டினி கிடந்து எழுத்தறிவு கேட்டார்கள். இந்தியத் தொழிலாளர் வரலாற்றில் இதற்கு இன்னும் உரிய இடம் தரப்படவில்லை.

அந்தப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கலாம் என்று அரசு ஆணையிட்டதும் போதவில்லை. ஊருட்டம்பலம் பள்ளிக்குப் பஞ்சமி என்ற சிறுமியை அய்யன்காளி அழைத்துச் சென்றபோது கலவரம் மூண்டது. மேல்சாதியினர் பள்ளிக்கே தீ வைத்தார்கள். அன்று கருகிய பெஞ்சு ஒன்று அங்கே பாதுகாக்கப்பட்டு வருகிறது. 1937-இல் காந்தி வெங்ஙானூர் வந்தபோது, தம் சமூகத்தில் பத்து பி.ஏ. பட்டதாரிகளையாவது பார்க்க வேண்டும் என்று அய்யன்காளி சொன்னார்.

வளர்ச்சியை அளக்கும் ஐக்கிய நாடுகளின் மனித மேம்பாட்டுக் குறியீடு 1990-இல் வந்தது. அத்தகைய அளவுகோல்களில் கேரளம் முன்வரிசையில் நிற்கிறது. ஆனால் அவை காட்டுவது சராசரியை. அந்தச் சராசரிக்கு வெளியே கடலோர மீனவர்கள் விடுபட்டுக் கிடப்பதைப் பொருளியலாளர் ஜான் குரியன் 1995-இல் எடுத்துக்காட்டினார்.