மாணிக்கக்கல்லும் அனுமதிப்பத்திரமும்



பேருவளை, சீனன்கோட்டைப் பக்கத்து ஆட்கள் என்றால் வெளியூரில் சிலர் சிரித்துக்கொண்டே "கல் கடத்தின பரம்பரை" என்று சொல்வார்கள். நம் பிள்ளைகளும் அதைக் கேட்டுச் சேர்ந்து சிரிக்கிறார்கள். வரலாறு படிப்பிக்கிறவன் என்ற முறையில், அந்தச் சிரிப்புக்குப் பின்னால் உள்ள கதையை எழுதிவைக்க நினைத்தேன். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

சுதந்திரம் கிடைத்து முதல் பத்து வருடம் இலங்கையில் சாமான் இறக்குவது பெரிய பாடாக இருக்கவில்லை. பிறகு ஏற்றுமதி வருமானம் இறக்குமதிக்குப் போதாமல் போனது. அரிசி, மா, சீனி எல்லாம் வெளியிலிருந்துதான் வந்தன. 1960களின் தொடக்கத்தில் செலாவணிக் கையிருப்பு கரைந்தபோது, அரசாங்கம் கண்ட மருந்து அனுமதிப்பத்திரம். செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1953இலிருந்தே இருந்தது. 1969இல் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டமும் வந்தது. சாமான் கொண்டுவர ஒரு கந்தோரின் கையெழுத்து, அதற்குக் காசு அனுப்ப இன்னொரு கந்தோரின் கையெழுத்து. 1970க்குப் பிறகு பல சாமான்களின் இறக்குமதி சதொச, சலுசல போன்ற அரச நிறுவனங்களின் கைக்குப் போனது. தலைமுறை தலைமுறையாகப் புறக்கோட்டையில் துணி விற்றவர்கள் கோட்டாவுக்குக் காத்திருந்தார்கள்.

இந்தக் காத்திருப்புக்கு ஒரு விலை இருக்கிறது. ஒரு வியாபாரி லொறிப் பாகம் ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு மாதக்கணக்கில் இருந்தால், அவருடைய முதல் முடங்கும், வட்டி ஏறும், லொறி கராஜில் நிற்கும். கடைசியில் அந்தப் பாகம் வந்து சேரும்போது அத்தனையும் விலைக்குள் இருக்கும். கையில் அனுமதிப்பத்திரம் வைத்திருந்தவருக்கோ அந்தக் காகிதமே சரக்கு. சாமானைவிடக் காகிதத்துக்கு மதிப்புக் கூடிய காலம் அது.

1968 மே மாதம் "ஃபீக்" என்ற சான்றிதழ் முறை வந்தது. அத்தியாவசியப் பொருட்களுக்கு டொலர் அதிகார விலையில் கிடைத்தது, மற்றவற்றுக்கு 44 சதவீதம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். அந்த 44 பின்னர் 55 ஆகி, 65 ஆனது. எது அத்தியாவசியம், எது ஆடம்பரம் என்பதை முடிவு செய்தது சந்தை அல்ல, கந்தோர் மேசை.

இனிக் கல்லுக்கு வருவோம். 1970களின் தொடக்கத்தில் ஒரு டொலரின் அதிகார விலை சுமார் 6 ரூபா. கறுப்புச் சந்தையில் அதைவிட எவ்வளவோ கூட. வெளியில் விற்ற நீலக்கல்லின் பணத்தை வங்கி வழியாகக் கொண்டுவந்தவர், சட்டப்படி நடந்ததற்காக நட்டப்பட்டார். அரிசி மூட்டையைச் சட்டைப்பையில் போட முடியாது, கல்லைப் போடலாம். அதனால் அரிசியிலும் துணியிலும் கந்தோரின் செலவு வாங்குகிறவர் தலையில் விழுந்தது, கல்லோ கந்தோரைத் தாண்டிப் போய்விட்டது. கடத்தல் சரி என்று நான் சொல்ல வரவில்லை. சட்டத்தை மீறியது மீறியதுதான். ஆனால் இரத்தினபுரியில் தோண்டி, பேருவளையில் பட்டை தீட்டி விற்ற ஒரு பழைய தொழில், நாணய மாற்று வீதம் ஒன்றினால் குற்றமாக மாறியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1971இல் அரச இரத்தினக்கல் கூட்டுத்தாபனம் அமைந்தது. 1972இல் மாற்றத்தக்க ரூபாய்க் கணக்கு என்ற திட்டம் வந்தது. கல் ஏற்றுமதி செய்து டொலரை வங்கிக்குக் கொண்டுவருபவர், அதில் 25 சதவீதத்தைத் தன் கணக்கில் வைத்து, வெளிநாட்டுப் பயணத்துக்கோ இறக்குமதிக்கோ பயன்படுத்தலாம். இதைக் கொண்டுவந்த காலத்து நிதியமைச்சர் என்.எம். பெரேரா, சமசமாஜக் கட்சியின் இடதுசாரித் தலைவர். வியாபாரியின் மனதை அவர் சரியாகப் படித்திருந்தார் என்றே நினைக்கிறேன். அதுவரை கணக்கில் பெயருக்கு மட்டும் இருந்த மாணிக்க ஏற்றுமதி, ஓரிரு வருடங்களில் பல மடங்கு உயர்ந்தது. ஒரே இரவில் மண்ணுக்கடியில் கல் பெருகவில்லை. முன்பு ஒளிந்து போனது இப்போது வங்கி வழியாகப் போனது. சுங்கத்தின் சோதனையால் முடியாததை நாலில் ஒரு பங்கு செய்தது.

கட்டுப்பாடு எல்லோரையும் வதைத்தது என்று சொன்னால் அது நியாயமல்ல. மிளகாயும் வெங்காயமும் வெளியிலிருந்து வராததால் யாழ்ப்பாணத்து விவசாயி நன்றாக வாழ்ந்தார். 1973இல் எண்ணெய் விலை ஏறியபோது எந்த அரசாங்கம் இருந்திருந்தாலும் திண்டாடியிருக்கும். ஆனால் பாண் வரிசையில் நின்ற நம் உம்மாமார் 1977ஐ ஏன் வரவேற்றார்கள் என்பதும் விளங்கும். அந்த வருட நவம்பரில் ஃபீக் ஒழிந்தது, டொலர் 16 ரூபாவானது, பெரும்பாலான சாமான்களுக்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லாமல் போனது.

இது பழங்கதை என்று நினைப்பவர்கள் 2020ஐ ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். மஞ்சள் இறக்குமதியை நிறுத்தியபோது கிலோ ஆயிரக்கணக்கான ரூபாவுக்கு ஏறியது. மன்னார், கற்பிட்டிக் கடலில் கடற்படை பிடித்தது தங்கத்தை மட்டுமல்ல, கறிக்குப் போடும் மஞ்சளையும்தான். அடுத்து வந்த டொலர் நெருக்கடியில் பருப்பும் சீனியும் கன்டெய்னருக்குள் கொழும்புத் துறைமுகத்தில் கிடந்தன. கிடந்த ஒவ்வொரு நாளுக்கும் டெமரேஜ் ஏறியது. அதைக் கட்டியது இறக்குமதியாளர் என்று பில்லில் இருக்கும். உண்மையில் கட்டியது நாம். இன்றைக்கும் அந்தக் கன்டெய்னரை விடுவிக்கும் சுங்கக் கட்டளைச் சட்டம் 1869ஆம் ஆண்டுடையது, சுயெஸ் கால்வாய் திறந்த அதே வருடம். திருத்தங்கள் நிறைய வந்துள்ளன, அடிப்படை அதுதான்.

1972க்கு முன்னும் பின்னும் கல் வியாபாரத்தில் இருந்த மூத்தவர்கள் நம்மிடையே இன்னும் சிலர் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அப்பாவோ பெரியவாப்பாவோ இருந்தால், அந்தக் கணக்கு எப்படித் திறந்தார்கள், முதல் தடவை வங்கிக்கு என்ன கொண்டுபோனார்கள் என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். பள்ளிக்கூட நூலகத்தில் ஒரு கோப்பு ஆரம்பித்திருக்கிறேன்.