மான்டெர்கியின் மாதாவும் சென்னிமலை ஆண்டவரும்

இத்தாலியின் தஸ்கனிப் பகுதியில், அரெட்ஸோ நகருக்குக் கிழக்கே, ஒரு குன்றின் மேல் மான்டெர்கி என்றொரு சிற்றூர். மக்கள்தொகை 2,000-ஐ எட்டாது. ஒரே ஒரு சுவரோவியத்தைப் பார்ப்பதற்காகக் கடல் தாண்டியெல்லாம் அங்கே ஆட்கள் வருகிறார்கள். ஈரோடு மாவட்டத்துச் சென்னிமலை முருகன் கோயிலுக்கு ஒரு தைப்பூசத்தன்று வரும் கூட்டத்தில் மான்டெர்கி போலப் பல ஊர்கள் அடங்கிவிடும். ஆனால் கலை பார்க்க வந்தோம் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் சொல்ல மாட்டார். சாமி கும்பிடுவார்கள், இறங்கி வந்து அடிவாரத்தில் ஊர்த் தறியில் நெய்த போர்வை வாங்குவார்கள், போய்விடுவார்கள்.

மான்டெர்கி ஓவியத்தின் கதை விசித்திரமானது. வரைந்தவர் பியெரோ தெல்லா ஃப்ரான்செஸ்கா. காலம் 1460-ஐ ஒட்டி. நிறைமாத வயிற்றோடு மாதா நிற்கிறாள். ஒரு கை வயிற்றின் மேல், உடையின் பிளவருகே. ஓவியம் இருந்த கோயிலின் பெரும்பகுதியை 1785-ல் இடித்து, அந்த இடத்தைக் கல்லறைத் தோட்டமாக்கினார்கள். எஞ்சிய சிறு கட்டடத்தில், புதைகுழிகளுக்கு நடுவே, பிள்ளைத்தாய்ச்சி மாதா நூறாண்டு நின்றாள். இது பியெரோவின் கை என்று படித்தவர்கள் கண்டுகொண்டது 1889-ல்தான். சுற்றுவட்டாரப் பெண்களுக்கு அந்தச் சான்றிதழ் தேவைப்படவில்லை. சுகப்பிரசவம் வேண்டி அவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே போய்க்கொண்டுதான் இருந்தார்கள். 1954-ல் ஃப்ளாரன்ஸ் கண்காட்சிக்கு ஓவியத்தைக் கேட்டபோது ஊர் ஒப்பவில்லை.

சென்னிமலையில் இதற்கு இணை எது என்று கேட்டால் பலரும் கோபுரத்தைக் காட்டுவார்கள். நான் மூலவரையே சொல்வேன். நொய்யல் கரைக் கொடுமணலைச் சேர்ந்த ஒரு பண்ணையாரின் காராம்பசு ஒரே இடத்தில் பால் சொரிந்தது, தோண்டிப் பார்த்தபோது சிலை கிடைத்தது என்கிறது தலவரலாறு. முகமும் மார்பும் நேர்த்தி. இடுப்புக்குக் கீழே கரடுமுரடு. சரிசெய்யலாம் என்று உளி வைத்ததும் ரத்தம் கசிந்ததாம். அப்படியே விட்டுவிட்டார்கள். முடியாத வேலைக்கு முடிசூட்டிக் கும்பிடும் துணிச்சல் எத்தனை ஊருக்கு உண்டு?

கதையில் கொடுமணல் வருவது தற்செயலாக இருக்கலாம். ஆனால் 1980-களிலிருந்து அங்கே நடந்த அகழாய்வுகள் காட்டுவது ஒரு பெரும் பட்டறை ஊரை. பளிங்கு, பச்சைக்கல், சூதுபவளம் ஆகியவற்றில் மணி செய்திருக்கிறார்கள், இரும்பு உருக்கியிருக்கிறார்கள், சங்கறுத்திருக்கிறார்கள். துளையிட்ட மணி, துளையிடாத மணி, பாதியில் நின்ற மணி என வேலையின் எல்லாக் கட்டங்களும் மண்ணுக்குள் கிடந்தன. பெயர் பொறித்த பானை ஓடுகள் நிறையக் கிடைத்தும், எந்த மணியை யார் செய்தார் என்பதற்குத் தடயமில்லை. பியெரோவுக்குப் பெயர் உண்டு, பிறந்த ஊர் உண்டு, அவர் அம்மா மான்டெர்கிக்காரி என்ற செய்திகூட உண்டு. நம் பக்கத்துக் கலைஞர்கள் அன்றும் இன்றும் பெயரில்லாதவர்களே.

தறிக்கு வருவோம். மான்டெர்கி மாதாவின் இருபுறமும் இரண்டு தேவதூதர்கள் கூடாரத் திரையை விலக்குகிறார்கள். உற்றுப் பார்த்தால் இருவரும் ஒரே ஆள். ஒரே மாதிரித்தாளை இடவலமாகத் திருப்பி வரைந்து, உடையின் பச்சையையும் சிவப்பையும் மட்டும் மாற்றியிருக்கிறார் பியெரோ. ஈரச்சாந்து காய்வதற்குள் முடிக்க வேண்டிய வேலை. மொத்த ஓவியமும் ஏழு நாளில் முடிந்தது என்பது ஆய்வாளர் கணக்கு. சென்னிமலையில் ஜக்கார்டு பெட்டி ஏற்றிய எந்தத் தறிக்காரருக்கும் இந்த உத்தி புதிதாக இராது. கட்டத்தாளில் பாதிப் பூவைப் போட்டு, மறுபாதியைத் திருப்பி எடுத்து, அட்டையில் துளையடித்துக் கோத்துவிட்டால் பூ தானாக விழும். அங்கே அது மேதைமை; இங்கே கூலிவேலை.

அங்கே ஓவியம் கோயிலில் இல்லை இப்போது. 1990-களின் தொடக்கத்தில், பழுதுபார்க்கும் சாக்கில், பழைய பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றுக்குக் கொண்டுபோனார்கள். அது அப்படியே அருங்காட்சியகமாகிவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் மாதா, வாசலில் நுழைவுச்சீட்டு. கர்ப்பிணிகளுக்குக் கட்டணமில்லை என்ற ஒரு விதியில் மட்டும் பழைய உறவு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஊர் கூடும் நாள் வேறு: செப்டம்பரில் பொலெந்தா விழா. மக்காச்சோள மாவைக் கொப்பரையில் கிண்டிப் பரிமாறுகிறார்கள். நம்மூர்க் கம்மங்களிக்குப் பங்காளி முறை. விழாவுக்கும் ஓவியத்துக்கும் தொடர்பு கிடையாது.

சென்னிமலையில் விழாவும் கும்பிடும் பொருளும் பிரியவில்லை. மலைமேல் அபிஷேகத்துக்கான தீர்த்தத்தைப் பொதிகாளைகள் படிவழியே சுமக்கும் வழக்கம் உண்டு. 1984 பிப்ரவரியில் மாட்டு வண்டியே 1,320 படிகளும் ஏறியதைக் கோயில் பெருமையாகப் பதிந்து வைத்திருக்கிறது. தைப்பூசத் தேரும் அதையடுத்த மகாதரிசனமும் முடியும்வரை கொங்குப் பக்கத்துக் காவடிகள் வந்துகொண்டே இருக்கும். 19-ஆம் நூற்றாண்டில் தேவராய சுவாமிகள் கந்த சஷ்டி கவசத்தை அரங்கேற்றியது இங்கேதான் என்பது ஊரின் நம்பிக்கை. சூலமங்கலம் சகோதரிகளின் குரலில் இசைத்தட்டேறி அது உலகத் தமிழர் வீடுகளுக்கெல்லாம் போய்விட்டது. விடியற்காலையில் அதைக் கேட்கும் கோலாலம்பூர்க்காரருக்குச் சென்னிமலை நினைவுக்கு வருமா என்பது சந்தேகம். மான்டெர்கியின் பொருள் ஊரைவிட்டு நகராததால் உலகம் ஊருக்கு வந்தது. சென்னிமலையின் பொருள்கள் வெளியே போய்ப் பிழைப்பவை. பாட்டும் அப்படி, போர்வையும் அப்படி. புழக்கத்தில் தேய்வதைக் கலை என்று நிறுத்திப் பார்க்க நமக்குத் தோன்றுவதில்லை.

அதற்காகப் போர்வையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கச் சொல்லவில்லை. எம்.பி. நாச்சிமுத்து போன்ற கூட்டுறவு முன்னோடிகள் சென்டெக்ஸ் நெசவாளர் சங்கத்தை வளர்த்தது நெசவாளிக்குக் கட்டுப்படியாகும் கூலிக்காகத்தான், கண்காட்சிக்காக அல்ல. பாவு ஓட்டவும் தார் சுற்றவும் வீட்டில் இன்னும் இரண்டு கைகள் வேண்டும். அந்தக் கைகள் பெருந்துறைத் தொழிற்பேட்டைக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் போய்விட்டால் தறி நின்றுவிடும்.

இத்தாலியில் சண்டை, அந்த ஒற்றைச் சுவர்த்துண்டை எங்கே வைப்பது என்று ஊராட்சிக்கும் திருச்சபைக்கும் அமைச்சகத்துக்கும் நடுவே. இங்கே காக்க வேண்டியது எண்ணற்ற தறிகளை. கைத்தறிக்கென ரகங்களை ஒதுக்கும் சட்டம் 1985-ல் வந்தது. முதலில் 22 ரகங்கள், பிறகு அது 11 ஆகச் சுருங்கியது. போர்வை இன்னும் பட்டியலில் இருக்கிறது. ஆனாலும் அடிவாரக் கடைகளில் விசைத்தறிப் போர்வையும் கைத்தறிப் போர்வையும் ஒரே அடுக்கில் இருந்தால், படியிறங்கி வரும் பக்தர் முதலில் கேட்பது விலையைத்தான். கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பவர் அரிது.