புல்லுக்கு ஒரு பூவாளி

நெல்லுக்குப் பாய்ந்தது போகக் கசிவதுதான் புல்லின் பங்கு என்று இருந்த தேசம் இது. இன்றோ புல்லுக்கென்றே தனிக் குழாய், தனி மோட்டார், போதாததற்குச் சுழன்று சுழன்று தண்ணீர் தெளிக்க ஒரு கருவி! பாளையங்கோட்டையில் புது வீடு கட்டிய நண்பர் ஒருவர், வாசலில் புல்தரை போட்டுவிட்டு, "எந்தத் தெளிப்பான் வாங்கலாம், அண்ணாச்சி?" என்று என்னைக் கேட்டார். கதை எழுதுகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் அதற்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது.

புல்தரை என்பது ஆங்கிலேய நாட்டுச் சரக்கு. அங்கே வானமே ஒரு பூவாளி. வருஷம் முழுவதும் தூறிக்கொண்டிருக்கும். புல்லை வளர்ப்பதைவிட வெட்டுவதுதான் அவர்களுக்குப் பெரும்பாடு. ஆகவே 1830-இல் எட்வின் பட்டிங் என்பவர் புல் வெட்டும் யந்திரத்தைச் செய்தார். அந்த மோகம் வெயில் காயும் சீமைகளுக்கும் பரவியபோதுதான் தண்ணீர்க் கவலை பிறந்தது. 1933-இல் அமெரிக்காவில், கலிபோர்னியாவின் கிளெண்டோரா என்ற ஊரில், பழத்தோட்டம் வைத்திருந்த ஆர்ட்டன் எங்கிள்ஹார்ட் தட்டிச் சுழலும் தெளிப்பானைக் கண்டுபிடித்தார். பீறிடும் நீர் ஒரு சிறு கையைத் தள்ளுகிறது. வில் சுருள் அதைத் திருப்பி இழுக்கிறது. 'டக், டக்' என்று ஒவ்வொரு தட்டுக்கும் தலை சற்றே திரும்புகிறது. தோட்டத்துக்கென்று பிறந்த கருவி, பிறகு வீட்டு வாசலுக்கும் வந்துவிட்டது.

ஆனால் தண்ணீரைப் பங்கிடும் வித்தையில் நம் தாமிரபரணிக் கரை யாருக்கும் இளைத்ததல்ல. இந்த ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள் உண்டு. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் என்ற ஏழும் ஆங்கிலேயர் ஆட்சிக்கு முற்பட்டவை. எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் மட்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர்கள் கட்டியது.

இவற்றில் கன்னடியன் கால்வாய்க்கு ஒரு கதை சொல்வார்கள். கன்னட தேசத்திலிருந்து வந்த ஒரு பிரம்மசாரி, ஒரு பசுவை முன்னே விட்டு, அது நடந்த வழியே கால்வாய் வெட்டினானாம். அது படுத்த இடங்களில் குளம் தோண்டினானாம். கதை எப்படியோ போகட்டும். பசு செங்குத்தாக ஏறாது, இறங்காது. இதமான சரிவையே தேடும். கால்வாய்த் தண்ணீரின் குணமும் அதுதான். மேடு பள்ளம் பார்த்துத் தண்ணீரைக் கையாள வேண்டும் என்பதையே அந்தக் கதை சொல்கிறது என்று நான் நினைக்கிறேன்.

நண்பருக்கு வேண்டிய பதிலும் அந்தக் கதையிலேயே இருக்கிறது. தட்டிச் சுழலும் தெளிப்பான் ஒழுங்காகச் சுற்ற வேண்டுமானால், ஏறக்குறைய 60, 70 அடி உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீரின் வேகம் வேண்டும். அவர் வீட்டு மொட்டைமாடித் தொட்டியோ 15 அடி உயரத்தில் இருக்கிறது! அதை நம்பி வாங்கினால் கருவி சுற்றாது. ஓர் ஓரமாக நின்று அழும். மோட்டார் வைத்து அழுத்தம் கொடுக்கிறவர்களுக்கே அது சரி.

அடுத்தது மண். தேரிக்காட்டுச் செம்மணல் ஊற்றியதை உடனே குடித்துவிடும்; அதற்குச் சிறிது சிறிதாக, அடிக்கடி கொடுக்க வேண்டும். களிமண்ணும் கரிசலும் மெல்லத்தான் குடிக்கும். அசையாமல் நின்று சிதறும் தெளிப்பான் வேகமாகக் கொட்டுவதால், அங்கே பாதித் தண்ணீர் தெருவுக்கு ஓடிவிடும். சுழலும் தெளிப்பானே நல்லது. மூன்றாவது காற்று. ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து அடிக்கிற காற்றில் மெல்லிய தூவலைத் திறந்துவிட்டால், அடுத்த வீட்டுச் சுவருக்குத்தான் அபிஷேகம் நடக்கும்! காற்று எழும்புமுன், விடியற்காலையில் தெளித்துவிடுவதே உத்தமம்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கணக்கு. 100 சதுர மீட்டர் புல்தரை, அதாவது சுமார் இரண்டரை சென்ட், 5 மில்லிமீட்டர் நனைய 500 லிட்டர் வேண்டும். நகரத்தில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டில் வகுத்திருக்கும் அளவு. ஆகவே அந்தப் புல்தரை ஒரு வேளையில் குடிப்பது, கிட்டத்தட்ட நாலு பேருடைய ஒரு நாள் தண்ணீர்! காரும் பிசானமும் விளைகிற இந்த ஆற்றில், கடைமடைக்காரன் எப்போது தண்ணீர் வரும் என்று வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருப்பதும் நாம் அறியாததல்ல.

புல்தரையே கூடாது என்று நான் சொல்லவில்லை. பங்களா வாசல்களில் பிரமாதமாக வளர்க்கும் புல் பல இடங்களில் நம் அறுகுதான். வயலில் பிடுங்கிப் பிடுங்கிச் சலித்தாலும் சாகாத அதற்குத் தினந்தோறும் அபிஷேகம் எதற்கு? தரையைச் சிறிதாக்குங்கள், அறுகை நடுங்கள், வேருக்கு எட்டும்படி இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை நனையுங்கள். மாடித் தொட்டி வீட்டுக்கு, குழாய் நுனியில் மாட்டுகிற பூவாளி மூக்கே போதும். அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனிதனுக்கு எங்கே நனைந்தது, எங்கே காய்ந்தது என்பது தெரியும். போதும் என்று நிறுத்தவும் தெரியும். சந்தையில் விற்கிற எந்தச் சுழல் கருவிக்கும் அது தானாகத் தெரியாது.