தூசியும் துணியும்



தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் காலை ஏழு மணிக்கெல்லாம் பள்ளிக்குச் சென்றுவிடுவது என் வழக்கம். அந்நேரத்தில் துப்புரவுப் பணியாளரான அம்மையார் வகுப்பறைகளைப் பெருக்கிக்கொண்டிருப்பார். கிழக்குச் சன்னல் வழியே சாய்ந்து விழும் இளவெயிலில், அவருடைய துடைப்பம் பட்ட இடமெல்லாம் சாக்பீஸ் தூளும் மண்ணும் புகைபோல எழும். மணியடிப்பதற்குள் அத்தூசியில் பெரும்பகுதி பெஞ்சுகளின்மேல் மறுபடியும் படிந்துவிடும். மீதி எங்கே போயிற்று என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவர் இருமியபோதும் எண்ணவில்லை. என் மனைவிக்கு ஆஸ்துமா என்னும் இழுப்பு நோய் கண்ட பிறகே எண்ணத் தொடங்கினேன்.

2011-ஆம் ஆண்டு அது. வீட்டுத் தூசியைக் குறைத்தாலன்றி மருந்தினால் மட்டும் முழுப்பயன் இராது என்றார் மருத்துவர். வாக்குவம் கிளீனர் என்று எல்லோரும் வழங்கும் தூசி உறிஞ்சும் பொறியொன்றை வாங்கக் கடைக்குச் சென்றேன். கடைத் தம்பி மூன்று பொறிகளைக் காட்டினார். "இது ஆயிரம் வாட், இது ஆயிரத்து இருநூறு, இது ஆயிரத்து அறுநூறு சார்" என்றார். எண் பெரிதாக இருந்ததை வாங்கி வந்தேன். கணக்கு ஆசிரியனாகப் பணியைத் தொடங்கியவனுக்கு எண்களின்மேல் அப்படியொரு நம்பிக்கை!

அன்று மாலையே மெத்தைகளைத் தூய்மை செய்தோம். மேற்குச் சன்னலின் வெயில் பொறியின் பின்புறத்தில் விழுந்தது. முன்னே மெத்தையிலிருந்து தூசி உள்ளே சென்றது உண்மை. ஆனால் பின்னே, காற்று வெளியேறும் துளைகளிலிருந்து மெல்லிய புகையாக அது திரும்பி வந்துகொண்டிருந்தது. பள்ளியில் நாள்தோறும் கண்ட அதே காட்சி! அங்கே துடைப்பம் செய்ததை இங்கே மின்விசை செய்தது. அன்றிரவு என் மனைவி படுக்கமுடியாமல் விடியும்வரை நாற்காலியில் உட்கார்ந்தே கழித்தாள். பணம் போனது பெரிதன்று. அவளுக்கு உதவவென்று வாங்கிய பொருளே அவளை வருத்திற்று. எங்கே பிழை செய்தேன் என்று அறிய இப்பொறியின் வரலாற்றைத் தேடிப் படிக்கலானேன்.

இதன் பிறப்பிடம் தரைவிரிப்புகளின் நாடு. குளிர் மிகுந்த மேனாடுகளில் அறை முழுவதும் கம்பளம் விரிப்பார்கள். அதைக் கழுவவும் முடியாது, பெருக்கினால் போதவும் போதாது. வெளியே தூக்கிச் சென்று கயிற்றில் போட்டுக் கழியால் அடிப்பார்கள். அமெரிக்காவில் 1860-இல் டேனியல் ஹெஸ் என்பவர் துருத்தி வைத்த பெருக்கும் கருவி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். 1869-இல் சிகாகோவின் ஐவ்ஸ் மெக்காஃபி கைப்பிடியைச் சுற்றி இயக்கும் பொறியைச் செய்தார். ஒரு கையால் சுற்றிக்கொண்டே மறு கையால் தள்ளவேண்டும் என்றால் யார் வாங்குவார்கள்? 1899-இல் செயின்ட் லூயிஸ் நகரத்து ஜான் தர்மன் வேறு வழியை எடுத்தார்: காற்றை அழுத்தி ஊதித் தூசியைக் கிளப்பி ஒரு பெட்டியில் விழச்செய்வது. கிளம்பிய தூசியெல்லாம் பெட்டிக்குள் விழுந்ததா என்பதுதான் கேள்வி.

1901-இல் லண்டன் நகரத்து எம்பயர் அரங்கில், அவ்வாறு ஊதும் அமெரிக்கப் பொறி ஒன்றைச் செய்து காட்டினார்கள். பார்க்க வந்தவர்களுள் ஹூபர்ட் செசில் பூத் என்ற முப்பது வயதுப் பொறியாளர் ஒருவர். பிளாக்பூல், வியன்னா, பாரிஸ் ஆகிய நகரங்களில் எழுந்த மாபெரும் இராட்டினங்களின் வேலையில் பங்குகொண்டவர். ஊதுவதற்கு மாறாக உறிஞ்சினால் என்ன என்று அவர் கேட்டார். அது நடவாத காரியம் என்று சினத்துடன் விடை வந்தது.

பூத் அதோடு விடவில்லை. விக்டோரியா தெருவிலுள்ள ஓர் உணவுவிடுதியில், மெத்தை தைத்த நாற்காலியின் முதுகில் வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தாராம். மூச்சுத் திணறிப் போயிற்று. இடையில் ஒரு கைக்குட்டையை விரித்து உறிஞ்சியபோது, அதன் மறுபக்கத்தில் கரிய வட்டமாகத் தூசி படிந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. அருகே உணவருந்தியவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ!

இந்நிகழ்ச்சியைக் கூறுவோர் எல்லோரும் உறிஞ்சுவதையே வியக்கிறார்கள். நீங்கள் கைக்குட்டையைக் கவனியுங்கள். உறிஞ்சுவது குழந்தைக்கும் தெரிந்த வித்தை. இளநீரில் குழல் வைத்து நாம் இழுக்கும்போது வாயினுள் காற்றழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று இளநீரை மேலே தள்ளுகிறது. தூசிப்பொறியிலும் அதுவே நடக்கிறது. வாக்குவம், அதாவது வெற்றிடம், என்ற பெயர்கூடச் சற்று மிகையானது. நம் வீட்டுப் பொறிகள் காற்றழுத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத்தான் குறைக்கின்றன. உள்ளே வந்த காற்று வெளியே போயாகவேண்டும். தூசி மட்டும் உள்ளே தங்கவேண்டும். அந்தப் பிரிவினையைச் செய்வது துணி. பூத்தின் மூச்சைத் திணறடித்ததும் தூசிதான். தடுத்துக் காத்ததும் துணிதான்.

1901 ஆகஸ்ட் 30-ஆம் நாள் அவர் காப்புரிமைக்குப் பதிந்தார். அவர் செய்த பொறி வீட்டுக்குள் நுழையக்கூடியது அன்று. பெட்ரோல் எஞ்சினும் பம்பும் துணி வடிகட்டியும் கொண்ட சிவப்பு வண்டி அது. குதிரைகள் இழுத்துவர, தெருவிலே நிற்கும். நீண்ட குழாய்களைச் சன்னல் வழியே உள்ளே விட்டுத் தூய்மை செய்வார்கள். எஞ்சினின் இரைச்சலில் தெருக்குதிரைகள் மிரண்டதால் வழக்குகளும் எழுந்தன. ஆனால் 1902-இல் ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்துக் கம்பளங்களை இப்பொறி தூய்மை செய்தபின் அதன் புகழ் ஓங்கிற்று. அரண்மனைக்கே பொறி வாங்கினார்கள். சீமாட்டிகள் தேநீர் விருந்து வைத்து, கண்ணாடிக் குழாய் வழியே தம் வீட்டுத் தூசி ஓடுவதை விருந்தினர்க்குக் காட்டினார்களாம். தம் வீட்டில் அவ்வளவு தூசி இருந்தது என்று ஊருக்குக் காட்டுவதிலும் ஒரு பெருமை!

நிற்க. பூத் தெருவில் நிறுத்திய பொறியை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் ஒரு நோயாளி. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்துக் கேண்டன் நகரத்தில், ஒரு பெரிய கடையில் துப்புரவு வேலை பார்த்த ஜேம்ஸ் மர்ரே ஸ்பேங்ளர் என்பவர் அவர். வயது அறுபதை நெருங்கியிருந்தது, ஆஸ்துமா வேறு. கம்பளம் பெருக்கும் கருவி கிளப்பிய தூசியில் நாள்தோறும் இருமினார். வேலையை விட்டால் பிழைப்பு இல்லை. 1907-இல் ஒரு மின்விசிறியின் மோட்டார், ஒரு பெட்டி, துடைப்பக் கழி, இவற்றைக் கொண்டு தாமே ஒரு பொறி செய்தார். தூசியைப் பிடிக்க அவர் கட்டியது தலையணை உறை. இதைப் படித்தபோது எனக்கு எங்கள் பள்ளி அம்மையாரின் முந்தானை நினைவுக்கு வந்தது. மறுநாளே வாளிகளும் துணிகளும் வாங்கி, நீர் தெளித்துப் பெருக்கி ஈரத்துணியால் துடைக்க ஏற்பாடு செய்தேன். ஆறு ஆண்டுகளுக்கு முன்பே செய்திருக்கவேண்டிய வேலை.

1908 ஜூன் 2-ஆம் நாள் ஸ்பேங்ளருக்குக் காப்புரிமை கிடைத்தது. தொழில் நடத்தப் பணமில்லை. அவருடைய பொறியைப் பயன்படுத்திப் பார்த்து மகிழ்ந்தவர் சூசன் ஹூவர் என்ற அம்மையார். அவருடைய கணவர் வில்லியம் ஹூவர் குதிரைச் சேணமும் தோற்பொருள்களும் செய்பவர். மோட்டார் கார்கள் பெருகிவந்த காலம் அது. சேணத் தொழில் இனி நில்லாது என்று அவர் உணர்ந்திருந்தார். உரிமையை விலைக்கு வாங்கினார். பத்து நாள் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்கலாம் என்று அவர் 1908 டிசம்பரில் விளம்பரம் செய்தது, பொருளின்மேல் அவர் வைத்த நம்பிக்கைக்குச் சான்று. பின்னர் ஆங்கிலேயர் நாவில், தூய்மை செய்வதற்கே 'ஹூவர்' என்பது வினைச்சொல்லாயிற்று. சுவீடனின் எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் 1921-இல் சறுக்குக்கட்டைகளின்மேல் வைத்து இழுத்துச் செல்லும் உருளை வடிவப் பொறியைக் கொண்டுவந்தது. இன்று பல வீடுகளில் காணும் பொறிகளுக்கு அதுவே மூதாதை.

இவ்வளவு வளர்ந்தும் துணியின் சிக்கல் தீரவில்லை. அது இயற்கையான சிக்கல். துணியின் கண்கள் பெரியனவாக இருந்தால் நுண்தூசி புகுந்து வெளியேறிவிடும். சிறியனவாக இருந்தால் விரைவில் அடைத்துக்கொள்ளும், காற்றோட்டம் குறையும், பொறி எதையும் இழுக்காது. காபி வடிகட்டியில் நீங்களே பார்த்திருப்பீர்கள். பல பொறிகளில், உள்ளே வரும் காற்றே மோட்டாரையும் குளிர்விக்கிறது. ஆகவே பை அடைத்தால் மோட்டாரும் சூடேறிக் கெடும். குழாயைக் கையால் மூடினால் மோட்டாரின் ஓசை உச்சத்துக்கு ஏறுவதைக் கேட்டுப் பொறி மிகவும் உழைப்பதாக எண்ணுவோம். உண்மை நேர்மாறானது. தள்ளுவதற்குக் காற்று இல்லாததால் சுமை குறைந்து மோட்டார் வெறுமனே விரைந்து சுழல்கிறது. வகுப்பில் ஆசிரியர் இல்லாதபோது எழும் இரைச்சலைப் போன்றது அது.

இந்தச் சிக்கலுக்கு இரு திசைகளிலிருந்து விடை வந்தது. ஒன்று போர்க்களத்தின் பக்கமிருந்து. 1940-களில் அமெரிக்காவில் அணுகுண்டு செய்த தொழிற்கூடங்களில் கதிரியக்கத் துகள்களைப் பிடிக்க மிக நுண்ணிய வடிகட்டி தேவைப்பட்டது. அதன் வழிவந்ததே இன்று ஹெப்பா என்று பெட்டிகளில் எழுதியிருக்கும் வடிகட்டி. மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்கள் 10,000 வந்தால் 9,997-ஐ நிறுத்தவேண்டும் என்பது அமெரிக்காவில் அதற்கு வகுத்த இலக்கணம். மற்றொன்று பிரிட்டனின் ஜேம்ஸ் டைசன் கண்டது. தம் வீட்டுப் பொறியின் பை அடைத்து அது இழுக்க மறுத்ததைக் கண்டு 1970-களின் இறுதியில் ஆராயத் தொடங்கினார். மரத்தூளைச் சுழற்காற்றால் பிரிக்கும் ஆலை அமைப்பைச் சிறிதாக்கி, தூசியைச் சுழற்றிச் சுவரோரம் ஒதுக்கினால் பையே வேண்டாம் என்று கண்டார். ஐந்தாண்டுகளில் 5,127 மாதிரிகள் செய்தார் என்கிறார். தேர்வில் ஒருமுறை தவறியதும் புத்தகத்தை மூடும் மாணவர்களிடம் இந்த எண்ணை நான் பலமுறை கூறியிருக்கிறேன். 1993-இல் அவருடைய பொறி பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. ஆனால் அங்கும் மிக நுண்ணிய தூசிக்குக் கடைசியில் ஒரு வடிகட்டி வேண்டியே இருக்கிறது.

அப்படியானால் வாட் எண்ணுக்கு என்ன பொருள்? பொறி மின்சாரத்தை உண்ணும் வேகம் அது. தூசியைப் பிடிக்கும் திறன் அன்று. மிகுதியாக உண்பவனே மிகுதியாகப் படிப்பான் என்று எந்த ஆசிரியரும் சொல்லமாட்டார். ஐரோப்பிய ஒன்றியம் 2014 செப்டம்பர் முதல் 1,600 வாட்டுக்கு மேற்பட்ட வீட்டுப் பொறிகள் சந்தைக்கு வருவதைத் தடுத்தது. 2017-இல் அவ்வெல்லையை 900 ஆகக் குறைத்தது. தடை வருமுன் பெரிய எண்ணுள்ள பொறிகளை வாங்கிவிடப் பிரிட்டனில் மக்கள் முண்டியடித்தார்களாம். நான் ஒருவன் மட்டும் ஏமாறவில்லை என்று சற்றே ஆறுதல் அடைந்தேன். அதே ஒன்றியம் பொறிகளுக்குத் தரச்சீட்டும் ஒட்டியது. அத்தரத்தை எப்படி அளந்தார்கள் தெரியுமா? தூசி சேராத காலிப் பையுடன்! டைசன் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2018 நவம்பரில் ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் அந்தச் சீட்டு முறையைச் செல்லாது என்றது. பாடம் தொடங்கும் முன்பே தேர்வு வைத்து மதிப்பெண் கொடுத்தது போல.

இதற்கிடையே எங்கள் வீட்டுப் பொறி பரணில் ஏறிவிட்டது. சிமெண்டுத் தரைக்கு ஈரத்துணியைவிட மேலான கருவி வேண்டியதில்லை என்பதே இன்றும் என் கருத்து. கம்பளம் இல்லாத வீட்டுக்கு இப்பொறியைக் கட்டாயம் என்று சொல்வோரிடம் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் மெத்தையை ஈரத்துணியால் துடைக்கமுடியுமா? தூசியில் வாழும் கண்ணுக்குப் புலப்படாத சிற்றுயிர்களே ஒவ்வாமைக்கு வேர் என்று நெதர்லாந்தின் லெய்டன் நகர ஆய்வாளர்கள் 1964-இல் எழுதினார்கள். அவற்றுக்கு மெத்தையே விருப்பமான குடியிருப்பு. ஆகவே ஓய்வுபெற்றபின், 2019-இல் மறுபடியும் கடைக்குப் போனோம். இம்முறை மனைவியும் வந்தாள்.

கடைத் தம்பி வாட் எண்ணிலிருந்தே தொடங்கினார். நான் வடிகட்டியைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். அதன் விளிம்பைச் சுற்றி ரப்பர் பட்டை இருக்கிறதா, மூடி இடைவெளியின்றிப் பொருந்துகிறதா என்று பார்த்தேன். வடிகட்டி எவ்வளவு நல்லதாயினும் ஓரத்தில் சந்து இருந்தால் காற்று அவ்வழியேதான் போகும். மாற்று வடிகட்டி நம் ஊரிலேயே கிடைக்குமா, என்ன விலை என்று கேட்டேன். பிறகு கடை மிதியடியில் கொஞ்சம் மண்ணைத் தூவி உறிஞ்சச் சொன்னேன். என் மனைவி தன் வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து, பொறியின் பின்புறம், காற்று வெளிவரும் இடத்தில் விரித்துப் பிடித்தாள். மிக நுண்ணிய தூசி இந்தச் சோதனையில் தெரியாது, பெருங்கசிவு தெரியும். முதற்பொறியில் கைக்குட்டை பழுப்பேறிற்று. இரண்டாவதிலும் சற்றே. மூன்றாவது 800 வாட் பொறி. அதைத் தம்பி ஆர்வமின்றியே எடுத்து வந்தார். ஐந்து நிமிடம் ஓடிற்று. அவள் கைக்குட்டையை வெளிச்சத்தில் தூக்கி, இருபுறமும் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள். நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன்; விலையைக் கேட்டேன்.