சந்திரா கண்ட மோதல்

1935ஆம் ஆண்டு இலண்டனில், இருபத்துநான்கு வயதுத் தமிழர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் விண்மீன் கொள்கையை எடிங்டன் அவையறிய எள்ளி ஒதுக்கினார். கொள்கை நிலைத்தது, 1983இல் நோபல் பரிசும் வந்தது. 1999 சூலை 23இல் அமெரிக்கா விண்ணில் செலுத்திய எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி ‘சந்திரா’ என்று அவர் பெயரையே தாங்கிற்று. பெயர்ப் போட்டியில் அதனை முன்மொழிந்து வென்றவர்கள் ஒரு பள்ளி மாணவரும் ஓர் ஆசிரியையும் என்பது நம்மனோர்க்கு உவப்பான செய்தியன்றோ!

எக்ஸ் கதிரைக் காற்றுமண்டலம் தடுத்துவிடும். ஆதலின் அக்கருவி விண்ணில் இருத்தல் வேண்டும். அது ஆராய்ந்தவற்றுள் தலையாயது ‘குண்டுக் கொத்து’. ஏறத்தாழ 380 கோடி ஒளியாண்டுத் தொலைவில், விண்மீன் திரள்களின் கொத்துகள் இரண்டு மோதி ஊடுருவிச் சென்றுள்ளன. திரள்களுக்கிடையே வெளி மிகுதி. அவை முட்டாமல் கடந்தன. கோடிக்கணக்கான பாகை வெப்பமுள்ள வாயுவோ ஒன்றோடொன்று உராய்ந்து பின்தங்கிற்று. திரள்களிலுள்ள விண்மீன்கள் அனைத்தினும் அவ்வாயுவே எடை மிக்கது. எனவே ஈர்ப்பும் வாயுவின்பாலே மிகுந்திருத்தல் வேண்டுமன்றோ? அப்பாலுள்ள திரள்களின் ஒளி வளைவதைக் கொண்டு அளந்தபோது, ஈர்ப்பு மிகுந்த இடம் வாயுவை விட்டு விலகித் திரள்களோடு நின்றது! கண்ணுக்குப் புலனாகாத கரும்பொருள் உண்டென்பதற்கு இதனை நேர்ச்சான்றாக 2006இல் அறிஞர் வெளியிட்டனர். ஈர்ப்பு விதியைத் திருத்தினாற் போதும் என்ற கட்சி தளர்ந்தது, மடியவில்லை. அப்பொருள் எத்துகளால் ஆனதென்பதும் இன்னும் புலப்படவில்லை.